போக இரண்டரை, வர ஐந்தரை

எங்கள் மாமா ஆயுசில் விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கத்தில் விமானத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போய் நிற்பார்கள். தொண்ணூறுகளில் எங்கள் ஊரிலிருந்து ஒருவன் வளைகுடாவுக்குப் புறப்பட்டால் அவனை வழியனுப்ப ஒரு ஜீப் நிறைய ஆட்கள் திருவனந்தபுரத்துக்குப் போவது வழக்கம். போகிறவனுக்கு ஜீப்பில் இடம் கிடைக்குமோ என்னவோ, மாமாவுக்கு முன் சீட் உண்டு. அம்மாவின் அண்ணன், தேங்காய் வியாபாரி, சபைக் கமிட்டியில் குரல் உயர்ந்தவர். அத்தனை வழியனுப்பல்களிலும் அவருக்கென்று ஒரு வேலை இருந்தது. விமானத்தின் வால் மேகத்துக்குள் மறைந்ததும் சட்டைக்கையை மேலே தள்ளி வாச்சைப் பார்ப்பார். சாயங்காலம் அங்கிருந்து 'வந்து சேர்ந்தேன்' என்று போன் வந்தால், வீட்டார் பேசி அழுது முடிப்பதற்குள் இவர் ரிசீவரைப் பிடுங்கி, "எறங்கினப்போ மணி என்ன மக்கா?" என்று கேட்பார். பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்.

அப்படிக் கழித்துக் கழித்து அவர் கண்டுபிடித்து வைத்திருந்ததுதான், திருவனந்தபுரத்திலிருந்து ஷார்ஜாவுக்கு இரண்டரை மணி நேரம் என்பது. பத்து மணிக்கு ஏறினவன் பன்னிரண்டரைக்கு இறங்கினான், முடிந்தது கணக்கு. "பாறசாலையில இருந்து ரண்டு பஸ் மாறி கள்ளிக்காட்டுக்குப் போறதுக்கு ஆவுத நேரம். அம்புட்டுதான் ஷார்ஜா," என்பார். கேட்டவர்களுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. மகன் கள்ளிக்காட்டில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு தூங்கலாம் அல்லவா?

விமானத்தில் நானும் ஏறியதில்லை. ஆனால் நான் வேறு வகை நிபுணன். விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசும் பெண்ணின் குரலை மூன்று பாஷையிலும் அப்படியே பேசிக் காட்டுவேன். கல்யாண வீடுகளில் சோறு விளம்பத் தாமதமானால் என்னைப் பிடித்து நாற்காலியில் ஏற்றிவிடுவார்கள். மூக்கை ஒரு விரலால் லேசாக அழுத்திக்கொண்டு, "பயணிகளின் அன்பான கவனத்திற்கு, அவியல் வந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னால் பந்தி குலுங்கும். அண்ணன் முதல் முறை புறப்பட்டபோது மாமாவின் மனைவி, என் அத்தை, பிளேனில் எல்லாருக்கும் உட்கார இடம் இருக்குமா என்று என்னிடம் கேட்டாள். பாதிப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று சொல்லிவைத்தேன். அத்தை அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே, "மக்கா, எறங்கப்போறவன் யாருன்னு பாத்து அவனுக்கப் பக்கத்தில போய் நில்லு, எடம் கிட்டும்" என்றாள். ஜீப் கூட்டம் முழுக்கச் சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். இருபத்தைந்து வயதில் எனக்கு வேலை இல்லை, மதிப்பில்லை, ஆனால் மேடை இருந்தது. ஊரில் என் வாயைப் பார்த்தாலே சிரிக்கத் தயாராவார்கள். நான் மழை வருகிறது என்று சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் துணியை எடுக்க ஓடுவார்கள்.

அப்பா ஆனி மாதம் மழைக்கிடையில் செத்துப்போனார். பசுவுக்குப் புல் அறுத்து வந்தவர் அடுக்களை வாசலில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் எடுத்து வருவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். அவ்வளவுதான்.

அண்ணன் ஷார்ஜாவில் ஒரு பெரிய கடையின் குடோனில் இருந்தான். அவன் அப்பாவைப் பார்த்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவனுடைய பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டிக்குள் இருந்தது. முதலாளி எங்கேயோ போயிருந்தார். அவர் வந்து பெட்டியைத் திறக்க இரண்டு நாள் ஆனது. அதுவரை அப்பாவை வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அப்போது குளிர்பெட்டி வாடகைக்குக் கிடைக்காது. நெய்யாற்றின்கரைச் சந்தையிலிருந்து ஐஸ் கட்டி வந்தது. மரத்தூளில் பொதிந்து, சாக்கில் சுற்றி, மீன் வண்டியில் வந்தது. வண்டியும் மீனுக்கு, ஐஸும் மீனுக்கு. எங்கள் அப்பாவோ மீன் கையால் தொடாதவர், பக்கத்து வீட்டில் சாளை பொரித்தால் எங்கள் ஜன்னலைச் சாத்துகிறவர். மூன்றாம் நாள் காலையில் அவரிடமிருந்து நல்ல முற்றிய சாளையின் மணம் வந்தது. தூரத்திலிருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்த சித்தி வாசல் தாண்டியதும் அழுகையை நிறுத்தி, "துட்டி வீட்டில மீன் கறியா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அதற்கு நான் பொறுப்பில்லை. எனக்குத் துக்கம் வந்தாலும் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், அது பிறவிக் கோளாறு.

அண்ணனின் போன் முந்தைய நாள் சாயங்காலம் வந்திருந்தது. அடுத்த வீட்டு டீச்சர் வீட்டில்தான் போன். நான் ஓடிப்போய் எடுத்தேன்.

"மக்கா, நாளைக்குக் காலத்த ஒம்பதுக்கு ஏறுதேன். நேரா திருவனந்தபுரம். அப்பாவ வச்சிரு, கேட்டியா? நான் முகம் பாக்கணும். நான் பாக்காம மூடிராதீங்க."

"மூட மாட்டோம் அண்ணே. இங்க எறங்குதப்போ மணி எத்தனை ஆவும்?"

அதற்குள் லைன் போய்விட்டது. பிறகு வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமா முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சபைக்காரர்கள். ஒன்பது என்று நான் சொன்னதும் விரலை மடக்க ஆரம்பித்தார்.

"ஒம்பதுக்கு எடுத்தா பதினொண்ணரைக்கு எறங்கிரும். பெட்டி எடுத்து வெளிய வர ஒரு மணிக்கூர். பின்ன கார். பாலராமபுரத்தில பிளாக்கு உண்டும். எப்பிடிப் பாத்தாலும் ரண்டு மணிக்கு இங்க நிப்பான். மூணுக்கு எடுத்திரலாம். அய்யரிட்டச் சொல்லியனுப்பு."

அய்யர் என்றால் எங்கள் சபைப் போதகர். அவருக்கு ஐந்து மணிக்கு வேறொரு சபையில் நிச்சயதார்த்தம். மூன்று மணி எல்லாருக்கும் பொருந்தியது, அண்ணனைத் தவிர.

"மாமா, அது அங்கத்த ஒம்பது," என்றேன். "நமக்கு அப்போ பத்தரை ஆயிருக்கும். அவங்களுக்க மணி ஒண்ணரை மணிக்கூர் பிந்தியாக்கும்."

"அதத்தானேலே நானும் சொல்லுதேன். அவனுக்க மணி பிந்திக் கெடக்கு. அப்போ அவன் நாம நினைக்குததுக்கு முந்தியே வந்திருவான் இல்லியா?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மணி பிந்தினால் ஆள் முந்துவான். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே குழம்பியது.

"இல்ல மாமா. பிளேன்ல நாலு மணிக்கூர் இருக்கணும். போன லீவில அண்ணன் சொன்னான், காலு மரத்துப்போவும்னு. நீங்க பாத்தது ரண்டு வாச்சு. ஏறினது உங்க வாச்சில, எறங்கினது அவங்க வாச்சில."

"வாச்சு ரண்டா இருந்தா என்னலே? சூரியன் ஒண்ணுதானே?"

"பத்தரைக்கு ஏறி நாலு மணிக்கூர். ரண்டரைக்குத்தான் தரையில எறங்குவான். இங்க வந்து சேர நாலரை, அஞ்சு ஆவும்."

"போவுததுக்கு ரண்டரை, வாறதுக்கு அஞ்சரையா? ஏன், வாறப்போ பிளேனைத் தள்ளிட்டு வாறானா?"

முற்றம் சிரித்தது. என்னிடமிருந்து கற்றுக்கொண்ட பாணிதான். சாவு வீட்டில் அடக்கிச் சிரித்துப் பழகியவர்கள், தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

எங்களுக்கு வடக்கு வீட்டில் ஒரு அக்காள் இருந்தாள். அவளுடைய கணவனும் ஷார்ஜாவில்தான். அவள் கதவோரத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு வந்தப்போ பொழுது சாயுத நேரமாயிருந்து. காலத்த ஏறினதுன்னுதான் சொன்னாரு."

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்போ வழியில வேற யாரு வீட்டிலயோ கேறியிருப்பான். நீ வீட்டில கேட்டுப் பாரு."

இந்த முறை சிரிப்பு அடக்கப்படவில்லை. அக்காள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எங்கள் முற்றத்தில் யாரும் எனக்குச் சாட்சி சொல்ல வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாடகைக் காரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். வழக்கமாக முன் சீட்டில் போகும் மாமா அன்று அடக்கத்தை நடத்த வேண்டியிருந்ததால் டிரைவர் மட்டும் போனார். பதினொன்றரைக்கு விமானம் என்று மாமா அவரிடமும் சொல்லியிருந்தார். அவர் பதினொன்றுக்கே போய், விமானம் வராததைப் பார்த்து, காருக்குள் காலை நீட்டித் தூங்கிவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. நல்ல மனிதர், எங்களைப் போல அவசரப்படவில்லை.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாறசாலை ஜங்ஷனில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் விமான நிலையத்துக்குப் போன் போட்டேன். எத்தனையோ முறை சுழற்றிய பிறகு ஒரு பெண் எடுத்தாள். ஷார்ஜா விமானம் எப்போது என்று கேட்டேன். "ரண்டரைக்கு எத்தும். டிலே ஒண்ணும் இல்லா," என்றாள் மலையாளத்தில். நான் ஊரெல்லாம் பேசிக் காட்டிய அதே மாதிரியான குரல். அவளிடம் நன்றி சொல்லிவிட்டு, மழைக்குள் சைக்கிளை மிதித்து, நனைந்த கோழியாக முற்றத்தில் வந்து நின்றேன்.

"மாமா, ஏர்போர்ட்டுக்கு விளிச்சுக் கேட்டாச்சு. ரண்டரைக்குத்தான் எறங்கும். ஒரு பெண்ணு சொல்லிச்சு."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், என் அப்பாவோடு கூடவே தென்னந்தோப்பில் வேலை பார்த்தவர், கண்ணீர் காயாத முகத்தோடு கேட்டார்:

"அந்தப் பெண்ணுக்க குரல்ல ஒருக்கா சொல்லு மக்கா, கேப்பம்."

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. இரண்டு இரவு தூங்காதவர், கொஞ்சம் சிரிக்க ஆசைப்பட்டார். நாலைந்து முகங்கள் என்னைப் பார்த்துத் திரும்பின. எல்லா முகத்திலும் அந்தத் தயார் நிலை, உதட்டோரத்தில் சின்னச் சுருக்கம். "நெசமாத்தான் சொல்லுதேன்," என்றேன். அதற்குத்தான் சிரித்தார்கள். அத்தனை கல்யாண வீடுகளிலும் எனக்குக் கிடைக்காத சிரிப்பு.

போதகர் மதியத்துக்குப் பிறகு குடையோடு வந்தார். அவரைத் தனியாகப் பிடித்தேன். "அய்யா, ஒண்ணரை மணிக்கூர் பொறுத்தாப் போதும். அண்ணன் நாலரைக்கு வந்திருவான்."

"தம்பி, உங்க மாமா எல்லாம் சொன்னாரு," என்று என் தோளைத் தட்டினார். "நீ உனக்க சுபாவத்துக்கு இதையும் வெளையாட்டா எடுத்துட்டேன்னும் சொன்னாரு. துக்கத்தில சிலருக்கு அப்பிடித்தான் வரும். ஆண்டவர் ஆறுதல் தருவாரு."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா ஐஸைப் பார்த்தார். ஐஸ் கரைந்து கட்டிலுக்கடியில் வைத்த உருளியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈ வந்துவிட்டது. அப்பாவின் காதுக்குப் பின்னால் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. மாமா சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை நான் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அவர் அப்பாவை அவசரமாக அனுப்ப நினைக்கவில்லை, அசிங்கமாக அனுப்பக் கூடாது என்று நினைத்தார். நியாயத்தோடு கூடிய தவறைத் திருத்துவது ரொம்பக் கஷ்டம்.

கடைசியாக அம்மாவிடம் போனேன். தலைமாட்டில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். காதோடு சொன்னேன்: "அம்மா, அண்ணன் வர நேரமாவும். மூணு மணிக்கு எடுக்க விடாதே. நீ சொன்னா கேப்பாங்க."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "உனக்க அப்பனைக் கெடத்தியிருக்குத எடத்திலயுமா உனக்கு..." என்றாள். விசிறி மட்டும் கொஞ்சம் வேகமாக ஆடியது.

இரண்டு மணிக்கு எல்லாரும் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் பெண்கள் எழுந்து அழத் தொடங்குவார்கள், வண்டி கடந்துபோனதும் நிறுத்திவிட்டு உட்காருவார்கள். இரண்டரை ஆனது. அந்த நிமிஷம் அண்ணனின் விமானம் தரையைத் தொட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். முற்றத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

"டி.வி. கொண்டு வாறானாயிருக்கும். அதப் பிரிச்சுப் பாக்காம கஸ்டம்ஸ்காரன் விடுவானா?"

"அப்பன் செத்ததுக்கு டி.வி. எதுக்குவேய்?"

"டிக்கெட்டு வெறுதே போவக்கூடாதுல்லா."

"நாலு வருசம் வராதவன் இன்னைக்கு வந்திருவானாக்கும்? போன்ல எல்லாம் சொல்லுவானுக."

என் பெரியப்பா மகன், சின்ன வயதில் அண்ணனுடைய சட்டைகளைப் போட்டு வளர்ந்தவன், "அத்தர் பூசிட்டு வர நேரம் வேண்டாமா?" என்றான். விமானத்தில் கால் மரத்து உட்கார்ந்து வந்தவன் அங்கே வரிசையில் நின்று அழுதுகொண்டிருந்திருப்பான். இங்கே அவனுக்கு அத்தர் பூசிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு மாமா எழுந்தார். "இனி பொறுக்கப் பற்றாது. அவன் வரல்ல. வந்தா வரட்டு."

எனக்கு இரண்டு உபாயங்கள் தோன்றின. முதல் உபாயம், பாட்டு. சாவு வீட்டில் பாமாலைப் புத்தகத்தில் ஒரு பாட்டின் முதல் சரணம், இரண்டாம் சரணம், கடைசிச் சரணம் பாடி முடிப்பார்கள். பாடகர் குழுவை நடத்துகிறவர் ஒரு தையல்காரர், இளகிய மனசு. அவரிடம் போய், "அப்பாவுக்கு இந்தப் பாட்டுன்னா உயிராக்கும். ஒரு சரணம் விடாம எல்லாம் பாடணும்," என்றேன். அப்பாவுக்கு இந்தப் பாட்டு மட்டுமல்ல, எந்தப் பாட்டும் பிடிக்காது. தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நான்காம் சரணத்தில் பெண்கள் ஓய்ந்தார்கள். ஐந்தாம் சரணத்தில் ஆண்கள் ஓய்ந்தார்கள். கடைசியில் அவரும் நானும் மட்டும் பாடினோம். நான் பாடினால் பசு கயிற்றை அறுக்கும், இருந்தும் ஒவ்வொரு வரியையும் இழுத்தேன். மாமா என் முதுகில் குத்தி, "போதும்லே," என்றார். மிச்சம் இருந்த சரணங்களைத் தையல்காரர் முழுங்கிவிட்டார்.

இரண்டாவது உபாயம், பெட்டியின் மூடி. போதகர் கண்மூடி ஜெபம் செய்தபோது எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் மூடாமல், சுவரில் சாய்த்து வைத்திருந்த மூடியைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்து வைக்கோலுக்குள் திணித்தேன். மூடி இல்லாமல் எப்படி மூடுவார்கள்? ஜெபம் முடிந்ததும் தேடினார்கள். கொஞ்ச நேரம் ஓடியது. என் தலையில் வைக்கோல் இருந்ததை அத்தை பார்த்துவிட்டாள். மூளை இருக்கிறவன் வைக்கோலைத் தட்டிவிட்டு வருவான்.

மாமா தொழுவத்திலிருந்து மூடியை எடுத்து வந்தார். அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் என் கன்னத்தில் அறைந்தார். "அப்பன் செத்த நாளிலயும் கோமாளிக் கூத்து," என்றார். அப்போது அவர் அழுதார். அவர் அழுவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஊரும் என்னை அதே கண்ணோடு பார்த்தது. என் கன்னம் எரிந்தது. வாய் பழையபடி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "பாரு, இப்பவும் சிரிக்கான்," என்றார் யாரோ.

பெட்டியை மூடுவதற்கு முன் வெள்ளைத் துணியால் முகத்தை மூட வேண்டும். அதைச் செய்ய வேண்டியது மூத்த மகன். மூத்தவன் இல்லை என்றால் அடுத்தவன். துணியை என் கையில் கொடுத்தார்கள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடாவிட்டால் என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். மாமா பின்னாலிருந்து வந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். குழந்தைக்கு எழுத்துப் பழக்குவது போல என் கையைக் கொண்டே துணியை இழுத்து அப்பாவின் நெற்றி வரைக்கும் மூடினார். பிறகு ஆணி அடித்தார்கள்.

கல்லறைத் தோட்டம் எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால், சரிவில். குழிக்குள் மழைத்தண்ணீர் ஊறியிருந்தது. பெட்டியை இறக்கும்போது சளப்பென்று சத்தம் கேட்டது. முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன், வேறு வழியில்லை. மண்வெட்டிகள் வேலையைத் தொடங்கியதும் நான் கூட்டத்திலிருந்து நழுவி ரோட்டுக்கு ஓடினேன். அண்ணன் நேராக வீட்டுக்குப் போய், காலி நாற்காலிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. யாராவது சொல்ல வேண்டும். என்னை விட்டால் யார்?

கோயில் திருப்பத்தில் நின்றேன். நாலரை தாண்டி அந்த வாடகைக் கார், வெள்ளை அம்பாசிடர், வந்தது. கையைக் காட்டினேன். அண்ணன் பின் கதவைத் திறந்து இறங்கினான். மெலிந்திருந்தான், முன்தலையில் முடி குறைந்திருந்தது. கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டான்.

"வீட்டில எல்லாரும் இருக்காங்களா? அம்மை என்ன செய்யுது?"

"அண்ணே," என்றேன். "அடக்கியாச்சு."

அவன் என்னைத் தள்ளி நிறுத்தி முகத்தைப் பார்த்தான். என் வாய் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் முகம் மெல்ல இளகி, அழுத கண்ணோடேயே சிரித்துவிட்டான்.

"எலே, நீ மாறவே இல்லியா? இந்த விசயத்திலயுமா?" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "பாலராமபுரம் வரை அழுதுட்டு வந்தவன நிறுத்திச் சிரிக்க வச்சிட்டியே. பாவி."

"சத்தியமா அண்ணே."

"சரி சரி, வண்டியில கேறு."

அவன் டிரைவரின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, சீப்பெடுத்துத் தலை வாரினான். அப்பாவுக்குத் தலை கலைந்திருந்தால் பிடிக்காது என்றான். பையைத் திறந்து ஒரு துணியை எடுத்துக் காட்டினான். மெல்லிய வெள்ளைத் துணி, ஓரத்தில் பூவேலை. "முகத்துக்குப் போட. விமானம் ஏறுததுக்கு முந்தி வாங்கினேன். போதும் இல்லியா? நீ பாரு, நீளம் போதுமா?"

நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் வீட்டுப் பக்கம் திருப்பாமல், நான் சொல்லாமலே, கோயில் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

சரிவில் ஏறும்போது மண்ணை மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணனுக்கு அந்தச் சத்தம் தெரியும், எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவன் நடை மாறியது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் வழிவிட்டது. மேட்டின் மேல் மலர் வளையங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போதகர் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டிருந்தார். மாமா முன்னால் வந்து அண்ணனின் கையைப் பிடித்தார்.

"என்ன மக்கா, பிளேன் லேட்டா?"

"இல்ல மாமா," என்றான் அண்ணன். "கரெக்டு டைமுக்குத்தான் எறங்கிச்சு."

மாமா சட்டைக்கையைத் தள்ளி வாச்சைப் பார்த்தார். உதடு அசைந்தது, கழித்துப் பார்க்கிறார் போல. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கஸ்டம்ஸ்ல பிடிச்சு நிறுத்திட்டானுக," என்றார்.

"ஆங், கஸ்டம்ஸ்," என்று நாலு பேர் தலையாட்டினார்கள்.

அண்ணன் மண்வெட்டிக்காரரிடம், "கொஞ்சம் நீக்குங்க. ஒருக்கா முகத்தப் பாத்துக்கிடுதேன்," என்றான். எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவன் கேட்பது போல ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டான். மண்வெட்டிக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா தலையை ஆட்டினார். "மண்ணு போட்டா போட்டதாக்கும் மக்கா. அதுக்கு மேல தொடப்பிடாது. அய்யரும் இல்ல." அண்ணன் வற்புறுத்தவில்லை. மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மலர் வளையத்தின் மேல் வைக்கப் போனான், மழை தூறியதும் திரும்ப எடுத்துக்கொண்டான்.

ஆட்கள் கட்டங்காப்பி குடிக்க இறங்கிப் போனார்கள். மாமாவும் அண்ணனும் நானும் மட்டும் மிஞ்சினோம். அப்போதுதான் அண்ணன் என்னிடம் கேட்டான்:

"எலே, முகம் எப்பிடி இருந்து?"

எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியாகப் பார்த்தவன் நான்தான். இமை வீங்கி, உதடு கறுத்து, மூக்கில் பஞ்சு வைத்து, மூன்று நாள் மீன் ஐஸில் கிடந்த முகம்.

"தூங்குதது மாதிரியே இருந்து அண்ணே," என்றேன்.

"சிரிச்ச முகமாக்கும்," என்றார் மாமா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அண்ணன் நிமிர்ந்தான். எங்கள் அப்பா சிரித்து அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நாற்காலியில் ஏறி நின்று நான் ஊரையே சிரிக்க வைத்தபோதும், அவர் மட்டும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"அப்பாவா? சிரிச்சாரா?" என்று அண்ணன் என் முகத்தைத் தேடினான்.

"ஆமா," என்றேன். "நல்லாச் சிரிச்சாரு."

அவன் தலையாட்டினான். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் சரிவில் இறங்கத் தொடங்கினான்.